மூன்று முறை தோற்ற வைத்தியர்

கடந்த முறை க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியான தினத்தில் எங்கள் வீடு மையித்து வீடு போல இருந்தது. உயிரியல் பிரிவில் இரண்டாவது தடவையாகத் தோற்றியிருந்த ராத்தா மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தார். ஆனால் அவரது இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குப் போதவில்லை. வாப்பா அன்று கடை திறக்கவில்லை. உம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மூத்தம்மா மட்டும் ராத்தாவின் அருகில் இருந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சில மாதங்களின் பின்னர் பல்கலைக்கழக அனுமதி பற்றிய அறிவித்தல் வந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி மருத்துவம் படிக்க ராத்தா தெரிவாகியிருந்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள். பெரிய வைத்தியம் கிடைக்காதபடியால்தானே இது என்றார் ஒருவர். வேரும் இலையும் அவிப்பதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்றார் இன்னொருவர். வாப்பா எவருக்கும் பதில் சொல்லவில்லை. அவர்களின் வார்த்தைகளை விட வாப்பாவின் மௌனம்தான் ராத்தாவை அதிகம் வருத்தியது. பதிவு செய்வதா, அல்லது மூன்றாவது தடவையும் பரீட்சை எழுதுவதா என்று முடிவெடுக்கச் சில நாட்களே இருந்தன.

அடுத்த வருடம் அதே பரீட்சைக்குத் தோற்ற இருப்பவள் நான். அதனால் அந்த நாட்களில் எனக்கும் சரியாக உறக்கம் வரவில்லை. அப்போதுதான் விஞ்ஞான தினத்துக்கான கட்டுரைக்கு விடயம் தேடி எமது கல்லூரி நூலகத்துக்குப் போனேன். அங்கே லி ஷிஜென் என்ற சீன வைத்தியரைப் பற்றி முதன்முதலாக வாசித்தேன். நாம் இப்னு ஸீனாவை எவ்வளவு பெருமையோடு நினைவுகூருகின்றோமோ, அவ்வளவு பெருமையோடு சீனர்கள் அவரை நினைவுகூருகின்றார்கள். வாசிக்க வாசிக்க, எங்கள் வீட்டுக் கதையை யாரோ தலைகீழாக எழுதி வைத்தது போல இருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளை வைத்தியராக முடியவில்லையே என்று அழுதார்கள். அவர் வீட்டிலோ பிள்ளை வைத்தியராகிவிடக் கூடாதே என்று தந்தை கவலைப்பட்டார்.

லி ஷிஜென் 1518ஆம் ஆண்டு சீனாவின் ஹூபெய் மாகாணத்தில், யாங்சி ஆற்றின் கரையிலுள்ள சீஜோ என்ற ஊரில் பிறந்தார். அது மிங் வம்சத்தினரின் ஆட்சிக் காலம். அவருடைய பாட்டனார் கையில் மணியொன்றை ஆட்டியபடி ஊரூராகச் சென்று மருந்து கொடுத்த நாட்டு வைத்தியர். தந்தை லி யென்வென்னும் அந்தப் பிரதேசத்தில் பேர்பெற்ற வைத்தியர். மூலிகைகளைப் பற்றி எழுதியவர். ஆயினும் அக்காலச் சீன சமூகத்தில் வைத்தியத் தொழிலுக்கு மதிப்புக் குறைவு. மதிப்பு முழுவதும் அரச அதிகாரிகளுக்கே இருந்தது. அதிகாரியாவதற்கு முக்கிய வழி பரீட்சை. பழைய நூல்களை மனனம் செய்து, எட்டுப் பகுதிகளாக வகுக்கப்பட்ட கட்டுரைகளை இம்மியும் பிசகாத முறையில் எழுத வேண்டும். தாம் அனுபவித்த தாழ்வை மகனும் அனுபவிக்கக் கூடாது என்று எண்ணிய தந்தை, மகனை அந்தப் பரீட்சைக்காகப் படிக்க வைத்தார்.

பதினான்கு வயதில் முதற்கட்டப் பரீட்சையில் மகன் சித்தியடைந்தபோது வீடே மகிழ்ந்திருக்கும். அடுத்த கட்டம் மூன்று வருடங்களுக்கு ஒருமுறை மாகாணத் தலைநகரான வூச்சாங்கில் நடைபெற்றது. 1534இல் அவர் எழுதினார், தோற்றார். 1537இல் மீண்டும் எழுதினார், மீண்டும் தோற்றார். 1540இல் மூன்றாவது முறையும் எழுதினார். அப்போதும் தோல்விதான்.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே, அவரது இருபதாவது வயதளவில், இன்னொரு சோதனையும் வந்தது. தடிமலிலிருந்து தொடங்கிய இருமல் நீடித்து, உடம்பெல்லாம் நெருப்பாகக் காய்ந்தது. உணவும் உறக்கமும் இல்லாமற் போயின. ஒரு மாதத்துக்கு மேலாகப் பல மருந்துகள் குடித்தும் நோய் கூடியதே தவிரக் குறையவில்லை. அவர் பிழைக்கமாட்டார் என்றே எல்லாரும் நினைத்தனர். அப்போது தந்தை பழைய வைத்தியர் ஒருவர் எழுதி வைத்திருந்த குறிப்பை நினைவுகூர்ந்து, ஹுவாங்சின் என்ற ஒரேயொரு மூலிகையின் வேரை அவித்துக் கொடுத்தார். மறுநாளே காய்ச்சல் இறங்கியது. பின்னர் இருமலும் தணிந்தது. பல ஆண்டுகளின் பின் தமது பெருநூலில் அந்த மூலிகையைப் பற்றி எழுதும்போது, தாம் பிழைத்த இந்தக் கதையையும் அவர் சேர்த்து எழுதினார். தாழ்ந்த தொழில் என்று தந்தை அவரிடமிருந்து விலக்கி வைத்த அதே தொழில்தான் அவரது உயிரைக் காத்தது.

மூன்றாவது தோல்வியின் பின்னர், இருபத்துமூன்றாம் வயதில், வைத்தியம் கற்க அனுமதிக்குமாறு அவர் தந்தையிடம் கேட்டார். தந்தையும் இசைந்தார். மகனுக்காகத் தாம் கண்ட கனவைக் கைவிடுவது அந்தத் தந்தைக்கு இலகுவாக இருந்திருக்காது. ஆனால் அந்த ஓர் இசைவு இல்லாதிருந்தால், தோற்றுப்போன பரீட்சார்த்திகளின் நீண்ட வரிசையில் லி ஷிஜெனின் பெயரும் மறைந்து போயிருக்கும்.

நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய பின்னர் அவர் ஓர் ஆபத்தைக் கண்டார். வைத்தியர்கள் நம்பியிருந்த பழைய மருந்து நூல்களில் பிழைகள் மலிந்திருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்த்து நூற்றாண்டுக் கணக்காக எழுதி வந்ததால், முதல் ஆள் விட்ட பிழையைப் பின்வந்தவர்களும் அப்படியே சுமந்தனர். சில இடங்களில் வெவ்வேறு செடிகள் இரண்டு ஒரே தலைப்பில் இருந்தன. சில இடங்களில் ஒரே செடி இரண்டு பெயர்களில், இரண்டு மருந்துகளாக இருந்தது. இஞ்சியும் வள்ளிக்கிழங்கும் மரக்கறிகளாயிருந்தும் புல்பூண்டுகளோடு சேர்க்கப்பட்டிருந்தன. பாக்கு ஒரு காயாக இருந்தும் மரங்களின் பட்டியலில் கிடந்தது. வைத்திய நூலில் பெயர் மாறினால் மருந்து மாறும். மருந்து மாறினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து.

ஆகவே எல்லாவற்றையும் சரிபார்த்துப் புதிய நூலொன்றை எழுதுவதென்று அவர் தீர்மானித்தார். 1552இல் தொடங்கிய அந்த வேலை 1578இல்தான் முடிந்தது. கணக்குப் பார்த்தால் இருபத்தேழு ஆண்டுகள். நூலை மூன்று முறை திருத்தி எழுதினார். ஏறத்தாழ எண்ணூறு நூல்களைப் பார்வையிட்டார். புதல்வர்களும் பேரப்பிள்ளைகளும் மாணவர்களும் அவருக்கு உதவினர்.

இடையில் வூச்சாங்கிலிருந்த இளவரசர் ஒருவரின் மாளிகையில் அவருக்கு வேலை கிடைத்தது. பின்னர் தலைநகரான பீஜிங்கில் அரச மருத்துவ நிறுவனத்திலும் பதவி கிடைத்தது. பரீட்சையால் கிடைக்காத அரச பதவி வைத்தியத்தால் கிடைத்தது என்று அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் ஓராண்டளவில் அதை விட்டுவிட்டு அவர் ஊர் திரும்பினார்.

நூல்களை வாசித்தது போதாதென்று அவர் மலைகளிலும் காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் அலைந்தார். விவசாயிகள், மீனவர்கள், வேடர்கள், விறகு வெட்டுவோர் ஆகியோரிடம் கேட்டறிந்தார். பரீட்சையில் சித்தியடைந்த அறிஞர்கள் திரும்பியும் பார்க்காத மனிதர்கள் இவர்கள். இவர்களையே அவர் தமது ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார்.

அவர் சோதித்துப் பார்த்த முறைக்கு மூன்று உதாரணங்களைச் சொல்கின்றேன்.

முதலாவது, அழுங்கு எனப்படும் எறும்புதின்னி. அது கரையில் செத்தது போலக் கிடந்து, செதில்களை விரித்து எறும்புகளை உள்ளே வரவிட்டு, பின் தண்ணீரில் இறங்கி, மிதக்கும் எறும்புகளைத் தின்னும் என்று பழைய நூலொன்று கூறியது. லி ஷிஜென் அதை நம்பிவிடவில்லை. அழுங்கு தன் நாக்கை நீட்டியே எறும்புகளைப் பிடிக்கின்றது என்று எழுதினார். ஓர் அழுங்கின் வயிற்றை அறுத்தும் பார்த்தார். உள்ளே ஏறக்குறைய ஒரு லீற்றர் அளவு எறும்புகள் இருந்தன.

இரண்டாவது, அவரது ஊருக்குப் பெயர் தேடித்தந்த வெண்புள்ளிப் பாம்பு. அதிலிருந்து செய்யப்படும் மருந்துக்கு நல்ல விலை இருந்தது. எனவே ஆற்றுக்கு அப்பாலுள்ள மலைகளில் பிடிபட்ட பாம்புகளும் சீஜோ பாம்பு என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. அவர் உண்மையான பாம்பின் அடையாளங்களை விளக்கமாக எழுதினார். அதன் பக்கங்களில் உள்ள சாய்சதுர வடிவங்கள் இருபத்துநான்கு என்று எண்ணியே எழுதினார்.

மூன்றாவது, நமது வேலியோரங்களிலும் காணப்படும் ஊமத்தை. அதன் பூவைச் சிரித்தபடி பறித்தால் அருந்துபவர் சிரிப்பார், ஆடியபடி பறித்தால் ஆடுவார் என்று மக்கள் நம்பினர். அவர் அதைத் தம்மீதே சோதித்தார். அருந்தி மயங்கியவருக்கு முன்னால் இன்னொருவர் சிரித்தோ ஆடியோ காட்டினால்தான் அவரும் அப்படிச் செய்கின்றார் என்று கண்டார். புண்களை அறுக்கும்போது வலி தெரியாமலிருக்க அந்தப் பூ உதவும் என்பதையும் பதிவு செய்தார். ஊமத்தை கொடிய நஞ்சு. அன்று அவர் செய்த துணிகரமான காரியத்தை நம்மில் எவரும் செய்துபார்க்கக் கூடாது.

அவருடைய துணிவு காட்டோடு நின்றுவிடவில்லை. அக்காலத்துச் சக்கரவர்த்தியான ஜியாஜிங், சாகாவரம் தரும் என்று சொல்லப்பட்ட குளிகைகளில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். அத்தகைய குளிகைகளில் பாதரசம் சேர்க்கப்படுவதுண்டு. பாதரசத்தை நீண்டகாலம் உண்டால் ஆயுள் கூடும் என்று பழைய மருந்து நூல்களும் எழுதியிருந்தன. அது நஞ்சு என்றும், சாகாவரம் தேடி அதை உண்டவர்கள் ஊனமுற்றும் உயிரிழந்தும் போயினர் என்றும் லி ஷிஜென் எழுதினார். அரண்மனையின் விருப்பத்தையும் முன்னோரின் எழுத்தையும் ஒருங்கே மறுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பென்சாவோ காங்மூ என்ற அவரது நூல் 52 பாகங்களைக் கொண்டது. அதில் 1892 மருந்துப் பொருட்கள் உள்ளன. அவற்றுள் 374 அவரே புதிதாகச் சேர்த்தவை. மருந்து முறைகள் பதினோராயிரத்துக்கு மேல். படங்கள் ஆயிரத்துக்கு மேல். நீர், நெருப்பு, மண் என்று தொடங்கி, புல், தானியம், மரம், பூச்சி, பறவை, விலங்கு என்று ஏறி மனிதனில் முடியும்படி பதினாறு பிரிவுகளாக அவற்றை ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் பெயர்கள், தோற்றம், பக்குவப்படுத்தும் முறை, சுவை, பயன் என்று தனித்தனித் தலைப்புகள் வைத்தார். அந்தத் தலைப்புகளுள் ஒன்று பிழைதிருத்தம் என்பதாகும். முன்னோர் பிழை விட்டிருந்தால் அது அந்த இடத்தில் சுட்டிக்காட்டப்படும். முன்னோர் மீது அவருக்கு மரியாதை இல்லாமலில்லை. யார் சொன்னது எது என்பதைப் பெயரோடு குறிப்பிட்டு, அவர்களுக்குரிய இடத்தைக் கொடுத்த பின்னரே திருத்தினார்.

அந்த நூலின் ஒரு மூலையில் நமக்கும் பரிச்சயமான ஒரு சொல் இருக்கின்றது. குங்குமப்பூ பற்றிய பகுதியில், அது முஸ்லிம்களின் நாடுகளிலிருந்தும் அரபு தேசத்திலிருந்தும் வருவதாக அவர் எழுதியுள்ளார். அதன் பெயர்களுள் ஒன்றாக அவர் தருவது ஸஃபரான் என்ற அரபுச் சொல்லின் சீன உச்சரிப்பாகும். வணிகர்களோடு மருந்தும், மருந்தோடு சொல்லும் அவ்வளவு தூரம் பயணித்திருக்கின்றன.

நூல் முடிந்தது. ஆனால் அதை அச்சிட எவரும் முன்வரவில்லை. அவ்வளவு பெரிய நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் மரப்பலகையில் செதுக்கியே அச்சிட வேண்டும். செலவு அதிகம், ஆசிரியரோ பரீட்சையில் தோற்ற ஒரு வைத்தியர். ஆண்டுகள் கடந்தன. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த இலக்கியவாதி ஒருவரைத் தேடிச் சென்று முன்னுரை பெற்றார். அந்த முன்னுரையின் ஆண்டு 1590. இறுதியில் நாஞ்சிங் நகரப் பதிப்பாளர் ஹூ செங்லொங் பொறுப்பேற்றார். பலகைகள் செதுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1593இல் லி ஷிஜென் காலமானார். நூல் வெளிவந்தது 1596இல். தமது வாழ்நாள் உழைப்பை அச்சில் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை.

புதல்வர்களில் ஒருவர் நூலைச் சக்கரவர்த்திக்குச் சமர்ப்பித்தார். அரண்மனை அதை வாங்கி வைத்துக்கொண்டதே தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஆனால் வைத்தியர்கள் அதைக் கைவிடவில்லை. மீண்டும் மீண்டும் அச்சிட்டார்கள். ஜப்பானுக்கும் பின்னர் ஐரோப்பாவுக்கும் அது சென்றது. 2011இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்நூலின் முதற்பதிப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அவரது நூலில் உள்ளதெல்லாம் சரியென்று நான் சொல்ல வரவில்லை. மின்மினிகளில் ஒருவகை புல்லின் வேரிலிருந்து உருவாகின்றது என்ற பழைய நம்பிக்கையை அவரும் எழுதியிருக்கின்றார். முன்னோரின் பிழைகளைத் திருத்தியவருக்கும் பிழைகள் இருந்தன. ஆகவே அவருக்குப் பின் வருபவர்களும் சோதிக்க வேண்டியிருந்தது. அப்படிச் சோதித்தவர்களுள் ஒருவர் ஒரு பெண்.

டு யூயூ என்ற அந்த விஞ்ஞானிக்கு 1969இல் மலேரியாவுக்கு மருந்து தேடும் பொறுப்புக் கொடுக்கப்பட்டது. அவரது குழு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய மருந்துக் குறிப்புகளை ஆராய்ந்தது. நம்பிக்கை தந்த ஒரு மூலிகைச் சாறு ஒருமுறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் என்பவர் எழுதிய ஒரு குறிப்பை டு யூயூ மீண்டும் வாசித்தார். அந்தக் குறிப்பு லி ஷிஜெனின் நூலிலும் எடுத்தாளப்பட்டது. மற்ற மூலிகைகளைப் போல இதை அவிக்கும்படி அது கூறவில்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி கூறியது. அப்படியானால் சூடுதான் மருந்தைக் கெடுக்கின்றதோ என்று அவர் ஊகித்தார். 35 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்தார். 1971 ஒக்டோபரில் 191ஆம் இலக்க மாதிரி, எலிகளின் உடலிலிருந்த மலேரியாக் கிருமிகளை முற்றாக அழித்தது. ஒத்த பெயர்களில் வழங்கிய பல செடிகளுள் ஒன்றில் மட்டுமே அந்தப் பொருள் போதியளவு இருப்பதும் தெரியவந்தது. லி ஷிஜென் செடிகளின் பெயர்களோடு ஏன் அவ்வளவு போராடினார் என்பது எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது. நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் டு யூயூவும் அவரது சகாக்களும் அந்த மருந்தைத் தாமே உட்கொண்டு பார்த்தார்கள். அதுதான் இன்று உலகெங்கும் பயன்படும் ஆட்டெமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரிடம் கலாநிதிப் பட்டம் இருக்கவில்லை.

பதிவு செய்வதற்கான கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னர், நான் எழுதிய கட்டுரையை ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாப்பா விறாந்தையில் கணக்குப் புத்தகத்தோடு இருந்தார். அவரும் கேட்டுக்கொண்டிருக்கின்றார் என்பது எனக்குத் தெரியாது. வாசித்து முடித்ததும் அங்கிருந்தபடியே ஒன்று கேட்டார். மூன்று முறை தோற்று வந்த மகனிடம் அந்தத் தகப்பன் என்ன சொன்னார் என்று கேட்டார். தந்தை இசைந்தார் என்பதுதான் எனக்குத் தெரியும் என்றேன். வாப்பா அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் காலை ராத்தாவின் சான்றிதழ்களை எடுத்து அவரே ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தி வைத்தார்.

ராத்தா இப்போது கொழும்பில் படிக்கின்றார். கடைக்கு வருபவர்கள் கேட்டால், மகள் யூனானி படிக்கின்றாள் என்று வாப்பா குரலைத் தாழ்த்தாமல் சொல்கின்றார். சென்ற விடுமுறையில் ராத்தா வந்தபோது மூத்தம்மாவைப் பக்கத்தில் இருத்தி, அவருக்குத் தெரிந்த கைமருந்துகளை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினார். தடிமலுக்கு அவிக்கும் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் முதற் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் வலது பக்கமாக ஒரு கோடு கீறி, வெற்றிடம் விட்டிருக்கின்றார். அது எதற்கென்று மூத்தம்மா கேட்டார். படித்து, சோதித்துப் பார்த்த பின்னர் நிரப்புவதற்கு என்றார் ராத்தா. அந்த வெற்றிடத்துக்கு மேலே பிழைதிருத்தம் என்று எழுதியிருந்தது.